நெட்டலையும் கம்பி வளையமும்

கையடக்கமான வானொலிப் பெட்டியொன்றை மேசைமீது வைத்து, தொலைவிலுள்ள நிலையமொன்றைக் கேட்க முயல்பவர், ஒலி மங்கும்போது பெட்டியைச் சிறிது திருப்பி வைப்பதுண்டு. மத்திய அலையில் நிகழ்ச்சி கேட்டுப் பழகிய நேயர் யாவரும் அறிந்த வழக்கம் இது. பெட்டியின் முகம் ஒருபுறம் நோக்கும்போது தெளிவாக ஒலித்த நிலையம், பெட்டியைக் கால்வட்டம் திருப்பியதும் ஏறக்குறைய மறைந்துவிடுகின்றது. இதன் காரணம் பெட்டியின் உள்ளே இருக்கின்றது. விரற் பருமனான கரிய கோலொன்று அங்கே கிடையாகப் பொருத்தப்பட்டிருக்கும். பெரைற் என்னும் காந்தப் பொருளாலான அக்கோலின்மீது மெல்லிய கம்பி பல முறை சுற்றப்பட்டிருக்கும். அதுவே பெட்டியின் ஏரியல். கூரைமேல் இழுத்துக் கட்டப்படும் நெடுங்கம்பியின் இனத்தை அது சேர்ந்ததன்று. வளைய ஏரியல் என்னும் வேறோர் இனத்தின் மிகச் சிறிய வடிவம் அது. அந்த இனத்தையே பெரிதாக்கி, நெட்டலைப் பரிசோதனைகளில் ஈடுபடும் அமெச்சூர் வானொலியாளர் பல நாடுகளிலும் கையாண்டு வருகின்றனர்.

அலைகளை உணர்வதற்கு மனிதன் கையாண்ட முதற் கருவிகளுள் ஒன்றே வளையந்தான். 1887, 1888ஆம் ஆண்டுகளில் ஜேர்மனியின் காள்சுரூ நகரில் ஹைன்றிச் ஹேர்ட்ஸ் மின்காந்த அலைகளை ஆக்கிக் காட்டியபோது, அவை வெளியிற் செல்வதைக் கண்டுகொள்ள, வட்டமாக வளைத்து நுண்ணிய இடைவெளி விடப்பட்ட கம்பியையே பயன்படுத்தினார். இருளறையில் அவ்விடைவெளியிற் பாய்ந்த சிறு பொறியே அலை வந்து சேர்ந்தமைக்குச் சான்றாயிற்று.

மின்காந்த அலையில் மின்புலம், காந்தப்புலம் என இரண்டு கூறுகள் உள. நேராக நிற்கும் கம்பி மின்புலத்துக்கு ஆட்படுகின்றது. வளையமோ தன் நடுவே ஊடுருவிச் செல்லும் காந்தப்புலத்தின் ஏற்ற இறக்கத்தினால் மின்னூட்டப்படுகின்றது. நிமிர்த்தி வைத்த வளையத்தின் விளிம்பு நிலையத்தை நோக்குமாயின் ஆகக் கூடிய காந்தக் கோடுகள் அதனூடே செல்கின்றன. சைகை வலுவாக இருக்கும். வளையத்தின் துளை வழியே நிலையத்தைப் பார்க்கக்கூடியவாறு திருப்பினால், ஒரு கோடும் உட்புகுவதில்லை, சைகை அற்றுப்போகும். வலுவான திசை அகன்று பரந்தது. பத்துப் பாகை இருபுறம் திருப்பினாலும் வேறுபாடு காதுக்குப் புலப்படாது. செவிட்டுத் திசையோ ஊசிமுனை போன்றது. ஓரிரு பாகை தவறினால் நிலையம் மீண்டும் கேட்கத் தொடங்கும். நடுக்கடலில் கப்பல்கள் தாம் நிற்கும் இடத்தைக் கரையோர நிலையங்களைக் கொண்டு கணித்தது இவ்வூசிமுனையை நம்பியே. நெட்டலைப் பரிசோதனையாளருக்கும் வளையத்தின் மதிப்பிற் பெரும்பகுதி அது கேளாதிருக்கும் திசையிலேயே தங்கியுள்ளது.

அமெச்சூர் வானொலியாளர் நெட்டலைக்கு மீண்டு வந்த கதை சுவையானது. 1912ஆம் ஆண்டின் அமெரிக்க வானொலிச் சட்டம் தனியார் நிலையங்களை 200 மீற்றருக்கு மேற்படாத அலைகளுக்குள் அடக்கியது. பயனுள்ள அலைகள் யாவும் நெட்டலைகளே, குறுகிய அலைகள் தொலைதூரம் செல்லா என்பது அக்கால நம்பிக்கை. பயனற்றதென்று கருதப்பட்ட நிலம் சிறுவர் விளையாடுவதற்கு விடப்பட்டது போன்ற ஏற்பாடு அது. 1923 நவம்பரில் பிரான்சின் நீஸ் நகரிலிருந்து லியோன் டெலோய் என்பவரும் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலிருந்து பிரெட் ஷ்னெல் என்பவரும் சுமார் 110 மீற்றர் அலையில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து உரையாடியபோது அந்நம்பிக்கை தகர்ந்தது. பெருநிறுவனங்கள் சிற்றலையை நாடி ஓடின. நெட்டலையோ கப்பல், விமானம், கடற்படை ஆகியவற்றின் உடைமையாக நின்றது. எண்பதாண்டுகளுக்கு அண்மித்த காலம் கழிந்த பின்னரே அதன் கதவு அமெச்சூர்களுக்குச் சிறிது திறக்கப்பட்டது. பிரித்தானியாவில் 1996ஆம் ஆண்டில் 73 கிலோஹேர்ட்ஸ் அளவில் ஒரு சிறு இடம் கிடைத்தது. அது 2003இல் மீளப் பெறப்பட்டது. 1998இல் 136 கிலோஹேர்ட்ஸ் அளவில் மற்றோர் இடம் கிடைத்தது. ஜெனீவாவில் நிகழ்ந்த 2007ஆம் ஆண்டின் உலக வானொலி மகாநாடு 135.7 முதல் 137.8 கிலோஹேர்ட்ஸ் வரையிலான பகுதியை உலகெங்கணும் அமெச்சூர் பயனுக்குரியதாக்கியது. ஆயினும், அங்கே வெளிவிடத்தக்க ஆற்றல் 1 வாற்றைத் தாண்டலாகாது. 2012ஆம் ஆண்டு மகாநாடு 472 முதல் 479 கிலோஹேர்ட்ஸ் வரையிலான இடத்தையும் சேர்த்தது. அமெரிக்காவில் இவ்விரண்டும் 2017இலேயே திறக்கப்பட்டன.

1 வாற்று என்பது கைவிளக்கொன்றின் ஆற்றலே. எனினும், அந்த ஒரு வாற்றை வெளிவிடுவது எத்துணைக் கடினம் என்பதை அலையின் நீளமே சொல்லும். 136 கிலோஹேர்ட்ஸ் என்பது செக்கனுக்கு 1,36,000 அதிர்வுகள். ஓர் அலையின் நீளம் 2,200 மீற்றருக்குச் சற்று மேல். முறையான ஏரியல் அலைநீளத்தின் காற்பங்கு உயரமேனும் இருத்தல் வேண்டும். அஃதாவது 550 மீற்றர். பாரிஸ் நகரின் ஈபிள் கோபுரத்தின் உயரம் 330 மீற்றரே. வீட்டு வளவில் 12 மீற்றர்க் கம்பமொன்றை நாட்டி வைத்திருப்பவர் இவ்விடத்தில் மலைத்து நிற்பார். அவருக்குரிய வழியைக் காண்பதற்கு முன், கேட்கும் பணியையும் அனுப்பும் பணியையும் வேறுபடுத்திக் காண வேண்டும். நெட்டலையில் இவ்விரண்டும் ஒரே ஏரியலுக்குரிய தொழிலன்று.

கேட்பதற்கு ஏரியல் திறமையானதாக இருக்க வேண்டியதே இல்லை. இது முரண்பாடாகத் தோன்றும். காரணம் வளிமண்டலத்தில் உள்ளது. பூமியின்மீது செக்கனுக்கு ஏறத்தாழ 45 மின்னல்கள் பாய்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை கொங்கோ, அமேசன் காடுகளின் மேலும் இந்தோனேசியத் தீவுகளைச் சூழ்ந்த பகுதியிலும் நிகழ்பவை. ஒவ்வொரு மின்னலும் ஓர் அலைசெலுத்தியே. அவற்றின் கறகறப்பு நெட்டலையில் ஆயிரக்கணக்கான மைல் தூரம் பயணஞ் செய்கின்றது. இரவில் மேலும் ஓங்குகின்றது. ஏரியல் பெரிதாயின் சைகையும் கூடும், இக்கறகறப்பும் அதே அளவிற் கூடும். இரண்டிற்கும் இடையிலான விகிதம் மாறாது. ஏரியலின் வழி வரும் இரைச்சல் அலைவாங்கியின் சொந்த இரைச்சலை மிஞ்சும் அளவுக்கு ஏரியல் இருந்தாற் போதும். அதற்குமேற் செய்வதெல்லாம் வீண் செலவு. ஆகவேதான் ஒரு மீற்றர்ச் சட்டம் முழுவதும் போதுமானதாகின்றது.

அத்தகைய சட்டத்தை ஒரு மாலைப்பொழுதில் ஆக்கிவிடலாம். இரண்டு மரச் சலாகைகளைச் சிலுவைபோற் பிணைத்து, நான்கு நுனிகளிலும் வெட்டுத் தடங்கள் இட்டு, பக்கம் 1 மீற்றர் நீளமுள்ள சதுரமாகக் காவலிட்ட கம்பியை 20 முறை சுற்ற வேண்டும். கம்பி 80 மீற்றர் செலவாகும். சுற்றுகளுக்கிடையே சில மில்லிமீற்றர் இடைவெளி விடுதல் நன்று. நெருங்கச் சுற்றினால் கம்பிகளுக்கிடையே தானாகவே தோன்றும் கொள்ளளவம் கூடி, இசைவிக்கும் எல்லை குறுகிவிடும். இச்சுருளின் தூண்டற்றிறன் ஏறத்தாழ 1 மில்லிஹென்றி. அதனை 136 கிலோஹேர்ட்ஸுக்கு இசைவிக்கச் சுமார் 1,400 பிக்கோபராட் கொள்ளளவம் தேவை. பழைய வால்வு வானொலிப் பெட்டிகளிலிருந்து கழற்றிய இரட்டைச் சுழல் கண்டென்சரின் இரு பகுதிகளையும் ஒன்றுசேர்த்து, எஞ்சியதை நிலையான மைக்கா கண்டென்சர் ஒன்றால் நிரப்புவதே மரபு. அந்தச் சுழல் கண்டென்சர்கள் இக்காலத்தில் அரிதாகி வருகின்றன; பழைய பெட்டிகளை எடைக்கு விற்பவர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

இசைவின்றி இச்சட்டம் செய்வது மிகச் சொற்பமே. 136 கிலோஹேர்ட்ஸில் அது சுமார் 57 மில்லிமீற்றர் உயரமான செங்குத்துக் கம்பிக்குச் சமம். ஒரு சுண்டுவிரலின் நீளம். இசைவித்ததும் பரிவு நிகழ்ந்து, சுருளின் தரம் 100 ஆயின், முனைகளில் தோன்றும் மின்னழுத்தம் நூறு மடங்காகின்றது. சுண்டுவிரல் ஆறு மீற்றர்க் கம்பமாகிவிடுகின்றது. இலாபம் இலவசமாக வருவதன்று. அத்தரமுள்ள வளையம் ஒருமுறைக்கு 1,400 ஹேர்ட்ஸ் அகலத்தை மட்டுமே ஏற்கும். மீடிறனை மாற்றுந்தோறும் கண்டென்சரையும் திருப்ப வேண்டும். எனினும், அக்குறுகிய வாயில் பக்கத்திலுள்ள வலிய ஒலிபரப்பு நிலையங்களை வெளியே நிறுத்துவதனால், பெரும்பாலோர் இதனைக் குறையாகக் கருதுவதில்லை.

உண்மையான போராட்டம் வீட்டின் உள்ளேதான் நடக்கின்றது. மின்னலின் கறகறப்பை எவராலும் தடுக்க முடியாது. ஆனால், நகர்ப்புறத்துப் பரிசோதனையாளரைத் துன்புறுத்துவது அதுவன்று. கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் சிறு பெட்டிகள், எல்.ஈ.டி. விளக்குகள், சூரிய மின்கலங்களோடு வரும் மின்மாற்றுக் கருவிகள், தொலைக்காட்சிப் பெட்டிகள் ஆகியவற்றின் உள்ளே மின்னோட்டம் செக்கனுக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்பப்படுகின்றது. அவ்வெட்டுகளின் எதிரொலி நெட்டலை முழுவதும் முட்புதராய் முளைத்து நிற்கின்றது. கூரைமேல் நீண்ட கம்பி கட்டியவர், கம்பியை நீட்ட நீட்ட இந்த முள்ளையே மிகுதியாக அறுவடை செய்கின்றார். நெட்டலையைக் கேட்கத் தொடங்கிச் சில நாளிலேயே கைவிட்டவர்களுட் பலர் இவ்வாறே தோற்றவர்கள்.

வளையம் இங்கே இரண்டு வகையில் துணை நிற்கின்றது. முதலாவது, அதனைத் தூக்கிக்கொண்டு போகலாம். வீட்டுச் சுவரிலிருந்து இருபது அடி விலகினாலே அயற்கருவிகளின் புலம் விரைவாகத் தேய்ந்துவிடும். பற்றரியில் இயங்கும் அலைவாங்கியோடு வளவின் மூலைமுடுக்குகளில் நின்று கேட்டு, அமைதியான இடத்தைக் கண்டுபிடிப்பதே வளையப் பரிசோதனையின் முதற் பாடம். இரண்டாவது, செவிட்டுத் திசையைத் தொல்லை தரும் கருவிக்கு எதிராகத் திருப்பி விடலாம். சைகை வரும் திசை முக்கியமானதன்று. இரைச்சல் வரும் திசையே முக்கியம். இவ்விரண்டும் ஒரே திசையாக அமைந்துவிட்டாலன்றி, இழக்கப்படும் சைகை சிறிது, ஒழியும் இரைச்சல் பெரிது. தொல்லை பல கருவிகளிலிருந்து ஒருங்கே வருமாயின் இவ்வுபாயம் பலிக்காது. அந்நிலையில் வீட்டின் தலைமை மின் ஆளியை நிறுத்தி, ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்துக் குற்றவாளியைப் பிடிப்பதே வழி. அயல் வீட்டுக் குற்றவாளியைப் பிடிப்பதற்கு மின்னியல் அறிவைவிட நாவின் இனிமை வேண்டும்.

செவிட்டுத் திசை கூர்மையாக அமையாமல் மழுங்கிக் கிடப்பதாகப் பலர் முறையிடுவதுண்டு. பெரும்பாலும் குற்றம் சமநிலைக் குறைவே. வளையத்தின் ஒரு முனை மட்டும் நிலத்தோடு தொடுக்கப்பட்டிருப்பின், முழுச் சுருளும் ஒரு நேர்க்கம்பி போல மின்புலத்தையும் வாங்கத் தொடங்கும். வளையம் வளையமாகவும் கம்பமாகவும் ஒருங்கே தொழிற்படுவதால், சைகை முற்றாக அறும் திசை எங்குமே இராது. அலைவாங்கிக்குச் செல்லும் தொடுப்புக் கம்பியும் இவ்வாறே ஏரியலாகிக் கெடுக்கும். இதற்குப் பரிகாரமாகத் தனியாக ஒரு சுற்றை மாத்திரம் அருகே வைத்து, காந்தத் தொடர்பினால் சைகையை எடுப்பர். சிலர் வளையத்தை உலோகக் குழாயினுள் அடக்குவர். குழாயின் உச்சியில் ஓர் இடைவெளி கட்டாயம் வேண்டும். இல்லையேல் குழாயே மூடிய சுற்றாகி, அலையைத் தானே விழுங்கிவிடும். உலோக உறை மின்புல இரைச்சலை வடிகட்டி நிறுத்துகின்றது என்று கூறும் நூல்கள் உண்டு. உறை செய்யும் நன்மை உண்மையில் சமநிலையைக் காப்பதே. அதே சமநிலையை உறையின்றியும் கவனமாகக் கட்டிப் பெறலாம்.

பகலிற் கத்தியின் முனைபோல் இருந்த செவிட்டுத் திசை, இருட்டியதும் அலைந்து திரிவதைக் கண்டு புதியவர்கள் தம் கருவியை ஐயுறுவர். பகலில் அலை பெரும்பாலும் நிலத்தையொட்டி வருகின்றது. இரவிலோ வானத்தின் அயன மண்டலத்திற் பட்டுத் திரும்பி மேலிருந்தும் இறங்குகின்றது. இறங்கும் அலையின் காந்தப்புலம் எந்தக் கோணத்திலும் சாய்ந்து வரலாம். ஆகவே வளையத்தை எங்கே திருப்பினாலும் சிறிது உட்புகுந்துவிடும். பழைய மாலுமிகள் இதனால் வழிதவறியதுண்டு. பிரித்தானியரான அட்கொக் 1919இல் உரிமைப்பத்திரம் பெற்ற செங்குத்துக் கம்பங்களாலான திசைகாட்டி ஏரியல் இக்குறையை நீக்கவே தோன்றியது.

இனி அனுப்பும் பணி. இங்கே திறமையின்மைக்கு மன்னிப்பில்லை. 136 கிலோஹேர்ட்ஸில் 12 மீற்றர்க் கம்பத்தின் உச்சியில் கிடையான கம்பிகளைப் பரப்பி ஏரியலாக்குவதே பொதுவழக்கம். அத்தகைய ஏரியலின் கதிர்வீசல் தடை ஓர் ஓமில் இருபதிலொரு பங்கே. அதாவது, மின்னோட்டத்தை அலையாக மாற்றும் உறுப்பு அவ்வளவு சிறியது. மண்ணிலும் சூழவுள்ள மரங்களிலும் ஏற்படும் நட்டத்தைத் தடையாகக் கணித்தால் 80 ஓம் அளவில் வருவது அரிதன்று. 100 வாற்று ஊட்டினால் 58 மில்லிவாற்று வானுக்குச் செல்லும். எஞ்சியது மண்புழுக்களைச் சூடாக்கும். இதற்கிடையில் கம்பத்தின் அடியில் வாளிப் பருமனான சுருளொன்று வேண்டும். ஏரியலின் நுனியில் 4,000 வோல்ற்றுக்கு மேல் எழும். மழை பெய்தால் இசைவு நழுவும்.

மரங்கள் அடர்ந்த வளவில் இந்நட்டம் மேலும் பெருகுகின்றது. பச்சை மரம் ஈரமான கடத்தி. மின்புலத்தில் நிற்கும்போது அது ஆற்றலை உறிஞ்சும். அமெரிக்காவில் 160 முதல் 190 கிலோஹேர்ட்ஸ் வரையிலான பகுதியில் உரிமப் பத்திரமின்றியே 1 வாற்று ஊட்டலோடு பரிசோதனை செய்ய இடமுண்டு. அதில் ஈடுபட்டோரும் பின்னர் 136 கிலோஹேர்ட்ஸுக்கு வந்தோரும், காட்டு மரங்களிடையே கம்பம் நாட்டுவதைவிட அம்மரங்களையே தூண்களாக்கிப் பெரிய வளையத்தைத் தொங்கவிடுவது நலம் என்று கண்டனர். மரத்துக்குக் காந்தப்புலம் ஏறக்குறைய இல்லாத பொருளே. பனையும் தென்னையும் உயர்ந்து நிற்கும் வளவுகளுக்கும் இது பொருந்தும்.

10 மீற்றர் உயரமும் 40 மீற்றர் நீளமும் உள்ள நிமிர்ந்த வளையமொன்றைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அதன் கதிர்வீசல் தடை ஓர் ஓமில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. கம்பத்தினதைவிட இருநூறு மடங்குக்கு மேற் சிறியது. இதைக் கண்டதும் பலர் வளையத்தைக் கைவிட்டுவிடுவர். ஆனால், கணக்கின் மறுபக்கமும் உண்டு. 2 மில்லிமீற்றர் விட்டமுள்ள செப்புக் கம்பியால் அமைத்தால், 100 மீற்றர்ச் சுற்றளவின் தடை ஏறத்தாழ ஒன்றரை ஓம் மட்டுமே. அப்போது 100 வாற்றில் 14 மில்லிவாற்று வெளியேறும். கம்பத்தைவிட இது குறைவே. அதே வளையத்தை 10 மில்லிமீற்றர் பருமனான கடத்தியால், எடுத்துக்காட்டாகத் தடித்த கேபிளின் பின்னல் உறையால் அமைத்தால், தடை ஓர் ஓமில் மூன்றிலொரு பங்குக்கும் கீழிறங்கும். வெளியேறுவது 68 மில்லிவாற்றாகும். நெட்டலை மின்னோட்டம் செம்பின் புறத்தோலில், ஆறிலொரு பங்கு மில்லிமீற்றர் ஆழத்துக்கு மட்டுமே ஓடுவதால், கடத்தியின் உட்பகுதி வெறுமையாக இருந்தாலும் நட்டமில்லை, மேற்பரப்பே வேண்டப்படுவது.

கம்பத்தின் நட்டம் பெரும்பாலும் மண்ணில். வளையத்தின் நட்டம் பெரும்பாலும் செம்பில். மண்ணை மாற்ற எவராலும் இயலாது. நூறு முளைகளை அறைந்தும் அதனைச் சிறிதளவே திருத்தலாம். செம்பைக் கடையில் வாங்கலாம். சிறு வளவும் கெட்ட மண்ணும் மரச்சோலையும் வாய்த்தவருக்கு வளையம் நம்பிக்கை தருவது இதனாலேயே. திறந்த வெளியும் ஈரநிலமும் உயரமான கம்பமும் உடையவர் வளையத்தை நாடுவது பேதைமை. எனினும், கீழ்க் கம்பியை நிலத்தோடு ஒட்டி ஓடவிடலாகாது. அவ்வாறு விட்டால் மண்ணில் சுழல் மின்னோட்டங்கள் எழுந்து, தப்பியதாக எண்ணிய மண் நட்டம் பின்கதவால் நுழைந்துவிடும். இரண்டு மூன்று மீற்றரேனும் உயர்த்துதல் நன்று.

இடம் உள்ளவருக்குப் பருமையே பெருந்துணை. வளையத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும். கதிர்வீசல் தடையோ பரப்பின் வர்க்கத்தைத் தொடர்ந்து பதினாறு மடங்காகும். கம்பியின் நீளமும் தடையும் இரு மடங்கே. ஆகவே மொத்த இலாபம் எட்டு மடங்கு. இரண்டாவது சுற்றொன்றைச் சேர்த்தாலும் பயனுண்டு. ஆயினும் அதே செம்பை ஒரே சுற்றில் தடிப்பாக்கியிருந்தாலும் அதே பயனே கிடைத்திருக்கும்.

வளையத்தின் மற்றொரு பலவீனம் கண்டென்சர். மேற்கூறிய தடித்த வளையத்தை இசைவிக்கச் சுமார் 9,000 பிக்கோபராட் தேவை. 100 வாற்று ஊட்டும்போது அதனூடே 18 அம்பியர் ஓடும். அதன் முனைகளில் 2,000 வோல்ற்றுக்கு மேல் நிற்கும். கண்டென்சரின் உள்ளே பத்திலொரு ஓம் தடை மறைந்திருந்தாற் போதும், அனுப்பும் ஆற்றலிற் காற்பங்கு அங்கேயே வெப்பமாகிவிடும். மலிவான கண்டென்சர்கள் சில நிமிடத்தில் வீங்கி வெடித்துவிடும். மைக்கா, பொலிபுரொப்பிலீன், வெற்றிடக் குடுவை ஆகியவையே தாங்குவன. பல சிறு கண்டென்சர்களைப் பக்கந் தொடுத்து மின்னோட்டத்தைப் பங்கிடுவது சிக்கனமான வழி. இசைவித்துச் சில நிமிடம் இயக்கி, மின்னை முற்றாக நிறுத்திய பின்னர் கண்டென்சர்களைத் தொட்டுப் பார்த்துச் சூடானதைக் களைவது பரிசோதனையாளரின் வழக்கம். இயங்கும்போது கை வைப்பவர் இரண்டாவது முறை பரிசோதனை செய்யமாட்டார்.

இத்தனை முயற்சிக்கும் பின்னர் சில பத்து மில்லிவாற்றே வெளியேறுகின்றதாயின், அதனைக் கொண்டு கடல் கடப்பது எவ்வாறு? விடை பொறுமையில் உள்ளது. கையால் அனுப்பும் சாதாரண மோர்ஸில் ஒரு புள்ளி பத்திலொரு செக்கன் நீளும். அதே புள்ளியை 3 செக்கனுக்கு நீட்டினால், கேட்பவர் முப்பது மடங்கு குறுகிய இடைவெளிக்குள் அதனைத் தேடலாம். அவ்விடைவெளியிற் புகும் இரைச்சலும் முப்பதிலொன்றாகும். ஆற்றலை முப்பது மடங்கு கூட்டியதற்கு இது ஈடு. புள்ளியை 60 செக்கன், 120 செக்கன் என நீட்டியவர்களும் உளர். அவற்றைக் காது கேளாது. கணினித் திரையில் மெல்ல நகரும் கோடாகக் கண் காணும். ஓர் அழைப்புக் குறி முழுமையாக வரைந்து முடிய ஓர் இரவே கழியலாம். 1993ஆம் ஆண்டு பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்த வானியலறிஞர் ஜோசப் டெய்லர், தாமும் அமெச்சூர் வானொலியாளர் ஆதலின், 2008இல் வெளியிட்ட முறையொன்று இவ்வேலையை எளிதாக்கியது. அழைப்புக் குறி, இடக்குறி, ஆற்றல் ஆகிய மூன்றையும் இரண்டு நிமிடத்துக்குள், 6 ஹேர்ட்ஸ் அகலத்துக்குள் அடக்கி அனுப்புவது அது. இரைச்சலுக்குள் முற்றாக அமிழ்ந்து கிடக்கும் சைகையையும் கணினி தோண்டி எடுத்துவிடும். வளையத்தைத் திருத்தியதும் பயன் உண்டா என்பதை மறுநாட் காலையில் தூரதேசத்து நிலையங்களின் பதிவுகளைப் பார்த்து அறிந்துகொள்ளலாம். முன்போல் மாதக்கணக்கிற் கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அனுப்புவதற்குத் தத்தம் நாட்டு உரிமப் பத்திரம் வேண்டும். கேட்கத் தொடங்குபவருக்கு இந்து சமுத்திரப் பகுதியில் நல்ல அளவுகோல்கள் உண்டு. அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் எக்ஸ்மவுத் அருகேயுள்ள கடற்படை நிலையம் 19.8 கிலோஹேர்ட்ஸில் பத்து இலட்சம் வாற்று ஆற்றலோடு நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புகின்றது. திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில் 1990இல் தொடங்கப்பட்ட இந்தியக் கடற்படையின் கட்டபொம்மன் நிலையம் இலங்கைக்கு மிக அண்மையிலுள்ளது. அதன் சைகை 18.2 கிலோஹேர்ட்ஸில் அறியப்பட்டது. யப்பானின் நேரக்குறி நிலையங்கள் 40, 60 கிலோஹேர்ட்ஸ்களில் ஒலிக்கின்றன. தானாகவே நேரத்தைத் திருத்திக்கொள்ளும் கடிகாரங்களின் உள்ளேயும் இவ்வகைச் சைகைகளை வாங்கும் சிறிய வளையச் சுருளொன்று உண்டு. 24 கிலோஹேர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட சைகைகளைக் கேட்க அலைவாங்கியே தேவையில்லை. வளையத்தின் முனைகளைச் சிறிய பெருக்கியொன்றின் வழியே கணினியின் ஒலிவாங்கி வாயிலிற் செருகினால், கணினியே அலைவாங்கியாகிவிடும்.

இவற்றையெல்லாம் கேட்டுப் பழகியவர் ஆண்டுதோறும் காத்திருக்கும் நிலையம் வேறொன்று. சுவீடனின் கிரிமெற்றன் என்னும் ஊரில் 1920களில் அமைக்கப்பட்ட அலைசெலுத்தியில் வால்வும் இல்லை, ரான்சிஸ்டரும் இல்லை. மோட்டாரினாற் சுழற்றப்படும் பெருஞ்சில்லொன்றே 17.2 கிலோஹேர்ட்ஸ் மின்னோட்டத்தை நேரடியாகப் பிறப்பிக்கின்றது. 127 மீற்றர் உயரமான ஆறு கோபுரங்கள் அதன் ஏரியலைத் தாங்குகின்றன. 2004இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றது. நத்தாருக்கு முந்திய நாட் காலையிலும், கோடையில் ஒரு நாளிலும் அச்சில்லு மீண்டும் சுழற்றப்படும்போது, பல தேசங்களின் வளவுகளில் வளையங்கள் அத்திசைக்குத் திருப்பப்படுகின்றன. முதலில் எவ்வித ஒலியுமின்றித் திரை வெறுமையாக இருக்கும். சில்லு வேகமெடுக்க எடுக்க ஒரு கோடு மெல்லச் சாய்ந்து ஏறி, 17.2 என்னும் இடத்தில் வந்து நிற்கும். அதன் பின்னர் எஸ், ஏ, கியூ என்னும் மூன்று எழுத்துக்கள் மோர்ஸில் வரத் தொடங்கும்.